காணாக்கடி வந்த வீடு

இஷாத் தொழுகை முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கப் போன நேரம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் இரு கைகளையும் நீட்டியபடி வந்து நின்றாள். முழங்கையிலிருந்து தோள்வரை தடிப்புத் தடிப்பாகச் சிவந்து வீங்கியிருந்தது. சில தடிப்புகள் காசளவு, சில உள்ளங்கையளவு. அரிப்புத் தாங்காமல் கண்களில் நீர் கோத்திருந்தது. விடிந்ததும் மருத்துவரிடம் காட்டலாம் என்று இரவெல்லாம் விசிறிக்கொண்டிருந்தோம். விடிந்து பார்த்தால் தோலில் ஒரு சுவடுகூட இல்லை. மருத்துவரிடம் எதைக் காட்டுவது?

"இது காணாக்கடிம்மா. கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏதோ கடிச்சிருக்கு. வேப்பிலையைப் போட்டுக் குளிப்பாட்டு, சரியாப் போயிடும்" என்றார் என் மாமி.

அன்று இரவு மீண்டும் வந்தது. இம்முறை தொடையிலும் முதுகிலும். அதற்கடுத்த இரவும் வந்தது. அதன்பின் ஐந்து மாதங்கள் எங்கள் வீடு பட்ட பாட்டையும், அந்த ஐந்து மாதங்களில் நாங்கள் செய்த தவறுகளையும் நம் சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன். இன்னொரு வீட்டுப் பிள்ளை அந்தத் துன்பத்தைப் படாமலிருந்தால் அதுவே எனக்குப் போதும்.

குற்றவாளியைத் தேடி...

நாங்கள் வசிப்பது அணுபுரத்தில். கல்பாக்கம் அணுசக்தித் துறைப் பணியாளர்களுக்காக அமைந்த குடியிருப்பு அது. பல மாநிலத்தவரும் கலந்து வாழும் ஊர். ஆகவே அறிவுரைக்கும் பஞ்சமில்லை. கத்தரிக்காயை நிறுத்துங்கள் என்றார் ஒருவர். கருவாடு ஆகவே ஆகாது என்றார் இன்னொருவர். முட்டை, இறால், நண்டு, மாட்டிறைச்சி, நிலக்கடலை, தக்காளி, பால் என்று வாரத்துக்கு ஒன்றாக அவளது தட்டிலிருந்து உணவுகள் மறைந்தன. சோப்பை மாற்றினோம். தலையணை உறையை மாற்றினோம். அத்தரை ஒளித்து வைத்தோம்.

ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய உறவினர் ஒருவரோ, "அணுபுரத்துல குடியிருந்தா அப்படித்தான் இருக்கும்" என்றே முடிவுகட்டிவிட்டார். அணுக்கதிர் காணாக்கடியின் காரணங்களில் ஒன்றாக எந்த மருத்துவ நூலிலும் சொல்லப்படவில்லை என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். கடற்கரையிலும் மலைநாட்டிலும் பாலைவனத்திலும் ஒரேபோல் வருகிற நோய் இது.

நான்காம் மாதத்தில் அவள் உண்டது வெறும் சோறும் ரசமும். உடல் எடை ஆறு கிலோ குறைந்தது. திருமண விருந்து ஒன்றில் எல்லாரும் ஸஹனைச் சுற்றி அமர்ந்து உண்டபோது, என் மகள் தயிர்ச்சோற்றுப் பொட்டலத்துடன் ஓரமாக அமர்ந்திருந்தாள். "பொண்ணுக்கு மேலுக்கு ஏதோ இருக்காமே, ஒட்டுமா?" என்று என் காதுபடவே ஒரு பெண்மணி கேட்டார். அதைவிட வேதனை, தடிப்பு வந்த ஒவ்வோர் இரவும் அவள் குற்றவாளிபோல் விசாரிக்கப்பட்டாள். "கேன்டீனில் என்ன தின்றாய்? உண்மையைச் சொல்." அவளோ எதையும் தின்றிருக்கவில்லை. ஒரு நாள் அவள் அழுதுகொண்டே, "அம்மா, இனி நான் சாப்பிடவே இல்லை. அப்போதாவது நம்புவீங்களா?" என்று கேட்டாள். மறுநாளே அவளுடைய அத்தா விடுப்பு எடுத்தார். செங்கல்பட்டில் உள்ள ஒரு தோல்நோய் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம்.

மருத்துவர் கேட்ட மூன்று கேள்விகள்

நாங்கள் விலக்கிய உணவுகளின் பட்டியலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுப் புன்னகையுடன் மேசைமேல் வைத்தார். பிறகு மூன்று கேள்விகளைக் கேட்டார்.

முதலாவது: ஒரு தடிப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது? "இரவு முழுக்க" என்றேன். "இரவு முழுக்க இருப்பது ஒரே தடிப்பா, அல்லது ஒன்று மறைய இன்னொன்று வருகிறதா?" எனக்குத் தெரியவில்லை. "இன்றிரவு ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டமிட்டு, நேரத்தை எழுதி வையுங்கள்" என்றார். அன்றிரவு வட்டமிட்டோம். மூன்று மணி நேரத்தில் வட்டத்துக்குள் ஒன்றுமில்லை. வட்டத்துக்கு வெளியே புதிதாக இரண்டு வந்திருந்தன. இதுவே காணாக்கடியின் அடையாளம். ஒவ்வொரு தடிப்பும் 24 மணி நேரத்துக்குள் தழும்பின்றி மறைந்துவிடும். ஒரே இடத்தில் ஒரு நாளுக்கு மேல் நின்றாலோ, அரிப்பைவிட வலி மிகுந்திருந்தாலோ, மறைந்த இடத்தில் கன்றிய நிறம் தங்கினாலோ அது இரத்தக் குழாய்களின் அழற்சியாக இருக்கக்கூடும். அதற்குப் பரிசோதனை வேறு, மருத்துவம் வேறு.

இரண்டாவது: உதடு, நாக்கு, கண்ணிமை வீங்கியதுண்டா? மூச்சு முட்டியதுண்டா? மயக்கம் வந்ததுண்டா?

மூன்றாவது: உணவு உண்ட எத்தனை நேரத்தில் வருகிறது? உணவு ஒவ்வாமையால் வரும் தடிப்பு பெரும்பாலும் உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அதே உணவை உண்ணும் ஒவ்வொரு முறையும் வரும். நேற்று மதியம் உண்ட கத்தரிக்காய் இன்று இரவு வந்து கடிப்பதில்லை. "உங்கள் மகளுக்கு ஐந்து மாதமாக, எதை உண்டாலும் உண்ணாவிட்டாலும் வருகிறது. அப்படியானால் உணவு குற்றவாளியன்று. நாளை முதல் எல்லாவற்றையும் கொடுங்கள்" என்றார். அந்தப் பட்டியலைத் திருப்பித் தரவே இல்லை.

தோலுக்குள் என்ன நடக்கிறது?

நம் தோலடியில் 'மாஸ்ட் செல்' எனப்படும் காவல் அணுக்கள் உள்ளன. ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் 1878-இல் இவற்றுக்குப் பெயரிட்டார். இவற்றுள் 'ஹிஸ்டமின்' என்னும் வேதிப்பொருள் சிறுசிறு பைகளில் நிரம்பியிருக்கிறது. பகை நுழைந்ததாகக் காவலர் கருதினால் பை உடைகிறது. ஹிஸ்டமின் வெளிப்பட்டதும் சிறு இரத்தக் குழாய்கள் விரிந்து தோல் சிவக்கிறது. குழாயிலிருந்து நீர் கசிந்து தோல் தடிக்கிறது. நரம்பு தூண்டப்பட்டு அரிக்கிறது. கசிந்த நீரை உடல் திரும்ப உறிஞ்சிக்கொண்டதும் தடிப்பு அடையாளமின்றி மறைகிறது. இதனால்தான் இரவில் அலறிய பிள்ளை காலையில் ஒன்றுமே நடவாததுபோல் நிற்கிறாள். இதனால்தான் நாமும் சில வேளைகளில் அவளை நம்ப மறுக்கிறோம்.

ஒவ்வாமை என்பது இரத்தத்தில் உள்ள ஏதோ ஒரு பொருளால் நிகழ்கிறது என்று மெய்ப்பித்த கதை சுவையானது. 1921-இல் ஜெர்மனியில் பிரௌஸ்னிட்ஸ், க்யூஸ்ட்னர் என்னும் இரு மருத்துவர்கள் இருந்தனர். க்யூஸ்ட்னருக்கு மீன் ஆகாது. அவருடைய இரத்த நீரைச் சிறிதளவு எடுத்துப் பிரௌஸ்னிட்ஸ் தம் தோலிலேயே ஊசியால் செலுத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியதும் தடிப்பு எழுந்தது. மீன் ஒவ்வாமை இல்லாதவரின் தோல் அந்த ஓரிடத்தில் மட்டும் மீனுக்குப் பகையாகிவிட்டது! அந்தப் பொருள் எது என்பதை 1966-இல் கண்டறிந்தவர்கள் அமெரிக்காவில் ஆய்வு செய்துவந்த ஜப்பானியத் தம்பதியரான கிமிஷிகே இஷிஸாகாவும் அவர் மனைவி தெருகோவும். 'ஐ.ஜி.ஈ.' என்பது அதன் பெயர்.

நம் முன்னோர்களும் இத்துறையில் பின்தங்கி இருந்தவர்களல்லர். ஏறத்தாழ 1100 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸீ, வசந்த காலத்தில் ரோஜாவின் மணம் பட்டதும் அபூ ஸைத் அல்பல்கீ என்னும் அறிஞருக்கு வந்த மூக்கொழுக்கைப் பற்றித் தனி ஏடே எழுதியிருக்கிறார். நோயாளியை நம்பி, அவர் சொல்லும் காலத்தையும் சூழலையும் குறித்துக்கொள்வதே மருத்துவத்தின் முதற்படி என்பதற்கு அது நல்ல சான்று. நாங்கள் ஐந்து மாதங்களாகச் செய்யத் தவறியதும் அதுவே.

குறுகிய காலமும் நீண்ட காலமும்

ஐந்து பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் காணாக்கடி வருகிறது. பெரும்பாலானவர்களுக்குச் சில நாள்களிலோ சில வாரங்களிலோ நின்றுவிடும். ஆறு வாரங்களுக்குள் அடங்குவதைக் குறுகிய கால வகை என்பர். குழந்தைகளுக்கு இவ்வகை பெரும்பாலும் சளி, காய்ச்சல் போன்ற வைரஸ் தொற்றைத் தொடர்ந்து வருகிறது. பென்சிலின் போன்ற மருந்துகள், ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரைகள், குளவி, தேனீ கொட்டுதல், இறால், நண்டு, முட்டை, பால், நிலக்கடலை, முந்திரி ஆகிய உணவுகள் என்பன பிற காரணங்கள். இவ்வகையில் காரணத்தைத் தேடுவதில் பொருளுண்டு. கண்டுபிடித்தால் அந்த ஒன்றை மட்டும் விலக்கினால் போதும்.

ஆறு வாரங்களைத் தாண்டி, பெரும்பாலான நாள்களில் வந்துகொண்டிருந்தால் அது நீண்ட கால வகை. நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவருக்கு இது உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரு மடங்கு. இவ்வகையில் பெரும்பாலும் வெளிக்காரணம் எதுவுமில்லை. உடலின் எதிர்ப்பாற்றலே தவறாகத் தன் மாஸ்ட் செல்களைத் தூண்டிவிடுகிறது. தைராய்டுச் சுரப்பியையும் இதேபோல் உடல் தாக்குவதுண்டு; ஆகவே தைராய்டுப் பரிசோதனையைச் சிலருக்கு மருத்துவர் எழுதித் தருவார். சாதாரண இரத்தப் பரிசோதனைகளும் போதும். நூறு பொருள்களுக்கு ஒரே நாளில் ஒவ்வாமைச் சோதனை செய்து தருவதாகச் சொல்லிச் சில ஆய்வகங்கள் ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகின்றன. இவ்வகை நோய்க்கு அதனால் பயனில்லை. சோதனையில் 'உண்டு' என்று வருவதாலேயே அந்த உணவு நோயைத் தருகிறது என்று பொருளாகாது. அந்தத் தாளை நம்பி ஆரோக்கியமான உணவுகளையும் இழந்தவர்கள் பலர்.

இன்னொரு வகையும் உண்டு. நகத்தால் கோடிட்டால் கோட்டின் வடிவிலேயே தடிப்பது, இறுக்கமான ஆடைப்பட்டை அழுந்திய இடத்தில் தடிப்பது, வியர்த்ததும் ஊசிமுனைபோல் பொரிவது, குளிர்நீர் பட்டதும் வீங்குவது என்பன அவ்வகையின. குளிரால் தடிப்பு வருகிறவர்கள் கடலிலும் குளத்திலும் தனியே இறங்கக் கூடாது. உடல் முழுதும் ஒரேயடியாகக் குளிர்ந்தால் மயக்கம் வரக்கூடும்.

கடற்கரை மக்களுக்கு இரு செய்திகள்

சதுரங்கப்பட்டினம், கொக்கிலமேடு, மாமல்லபுரம் என்று கரையோரமெங்கும் மீன் மலிந்த பகுதி எங்களுடையது. கானாங்கெளுத்தி, சூரை, மத்தி போன்ற மீன்களின் சதையில் 'ஹிஸ்டிடின்' என்னும் பொருள் மிகுதி. பிடித்த மீனைப் பனிக்கட்டியில் வைக்காமல் வெயிலில் விட்டுவிட்டால் நுண்ணுயிர்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. அத்தகைய மீனை உண்டால் ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, உடல் தடித்து, தலை வலிக்கும். சிலருக்கு நாக்கில் மிளகு கடித்தாற்போன்ற காரமும் தோன்றும். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அந்த ஹிஸ்டமின் அழிவதில்லை. இது ஒவ்வாமையன்று, கெட்ட மீனின் நஞ்சு. ஒரே சட்டி குழம்பை உண்ட பலருக்கும் ஒன்றாக வந்தால் இதுவே காரணம். இதை அறியாமல் 'இவனுக்கு மீனே ஆகாது' என்று ஒரு பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் மீனை மறுப்பது அநீதி. மீன் வாங்கியதும் தாமதமின்றிக் குளிர்பெட்டியில் வைப்பதே நாம் செய்ய வேண்டியது.

இரண்டாவது செய்தி சொறி மீனைப் பற்றியது. கடலில் குளிக்கும்போது அது பட்டுவிட்டால் பட்ட இடம் எரிந்து தடிக்கும். ஒருமுறை தாங்கிக்கொண்ட உடல் மறுமுறையும் தாங்கும் என்று நம்பிவிடக் கூடாது. பிரெஞ்சு அறிஞர் சார்ல் ரிஷேயும் அவருடைய துணைவர் போர்ட்டியேயும் 1901-இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் சென்றபோது இதன் இனத்தைச் சார்ந்த கடலுயிரின் நஞ்சை ஆராயத் தொடங்கினர். பிறகு கடல் சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தனர். முதல்முறை தாங்கிக்கொண்ட நாய், சில வாரங்கள் கழித்து மிகச் சிறிதளவு கொடுத்தபோது சற்று நேரத்தில் இறந்தது. பழகப் பழகக் காப்பு வளரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு நேர்மாறான விளைவு. 1902-இல் இதற்கு 'அனாஃபிலாக்ஸிஸ்' என்று பெயரிட்டார் ரிஷே. 1913-இல் நோபல் பரிசும் பெற்றார்.

எப்போது ஓட வேண்டும்?

தோலில் மட்டும் தடிப்பிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மருந்து, ஊசி, உணவு, பூச்சிக்கடி ஆகியவற்றுக்குப் பின் தடிப்புடன் கீழ்க்காணும் அறிகுறிகளில் ஒன்று சேர்ந்தாலும் அது உயிருக்கு ஆபத்து:

குரல் கம்முதல், தொண்டை அடைத்தல், நாக்கு வீங்குதல்;
மூச்சு வாங்குதல், இழுப்பு;
தலைசுற்றல், கண் இருளல், மயக்கம்;
அடக்க முடியாத வாந்தி, வயிற்று வலி.

அப்போது வீட்டில் கைவைத்தியம் செய்துகொண்டிருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து, அருகிலுள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இதற்குரிய மருந்து அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்புறத் தசையில் போடப்படுவது. விலை மலிவான, ஆனால் உயிர் காக்கும் மருந்து. அரிப்பு மாத்திரை இதற்கு ஈடாகாது. வண்டி வரும்வரை நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தி வையுங்கள். மூச்சுத் திணறினால் சாய்த்து உட்கார வையுங்கள். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். ஊசி போட்டதும் நலமாகிவிட்டதென்று உடனே வீடு திரும்பவும் வேண்டாம். சில மணி நேரத்தில் மீண்டும் வரலாம் என்பதால் மருத்துவமனையில் இருந்து வருவதே நல்லது.

எந்த மருந்தால், எந்த உணவால் வந்தது என்பதை ஓர் அட்டையில் எழுதி நோயாளியின் பையில் வைத்துவிடுங்கள். வேறெந்த மருத்துவரிடம் சென்றாலும் முதலில் அதைக் காட்ட வேண்டும். வீட்டில் முதியவர்கள் இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் ஆகிய மாத்திரைகளை உண்பவர்களாயின், தடிப்பின்றி உதடும் நாக்கும் மட்டும் வீங்குவது அம்மருந்தாலும் நேரலாம். பல மாதங்களாக உண்டு பழகிய மாத்திரைதானே என்று அலட்சியம் செய்யாதீர்கள்.

மருந்தும் அதை உண்ணும் முறையும்

ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்துக்கு வழிகாட்டிய டேனியல் போவே 1957-இல் நோபல் பரிசு பெற்றார். அவ்வரிசையில் வந்த பழைய மாத்திரைகள் உறக்கத்தை வரவழைப்பவை. அவில் நம் வீடுகளில் நன்கு அறிமுகமான ஒன்று. அதை உண்டுவிட்டு வண்டி ஓட்டுவதும் தேர்வு எழுதுவதும் நல்லதன்று. இப்போது செட்ரிசின், லோரடடின், ஃபெக்ஸோஃபெனடின், பிலாஸ்டின் ஆகியன உள்ளன. இவை உறக்கத்தைக் குறைவாகவே தருபவை.

நாங்கள் செய்த இன்னொரு தவறு இங்கேதான். தடிப்பு வந்தபின் ஒரு மாத்திரை; மறைந்ததும் நிறுத்தம். மழை வந்தபின் கூரை மேய்வதைப் போன்றது அது. நீண்ட கால வகைக்கு, தடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாள்தோறும் ஒரே நேரத்தில் உண்ண வேண்டும். ஒரு மாத்திரை போதாவிட்டால் மருத்துவரே அளவைப் படிப்படியாக உயர்த்துவார். நான்கு மடங்கு வரைகூட உயர்த்துவதுண்டு. அதற்கும் அடங்காதவர்களுக்கு 'ஓமலிஸுமாப்' என்னும் ஊசி 2014 முதல் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றுள்ளது, விலை அதிகம். எது எப்படியாயினும், கடையில் தாமாக ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் உண்பதை மட்டும் எவரும் செய்ய வேண்டாம். அரிப்பு அடங்கும், ஆனால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், நிறுத்தியதும் தடிப்பு திரும்பும். வலிமாத்திரைகளும் பலருக்குத் தடிப்பைத் தூண்டுவதால், காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் எதை உண்ணலாம் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரிடம் அதைச் சொல்லிய பின்னரே மாத்திரை பெற வேண்டும்.

ரமளானில் என்ன செய்வது என்று நான் கவலைப்பட்டேன். நாளுக்கு ஒரு முறை உண்ணும் மாத்திரையாதலால் இஃப்தாருக்குப் பின் உண்டால் போதும் என்றார் மருத்துவர். இருமுறை உண்பவர்கள் ஸஹரிலும் இஃப்தாரிலும் உண்ணலாம். ஆனால் மூச்சு முட்டும் ஆபத்து நேரும்போது நோன்பை எண்ணி ஒரு நொடியும் தயங்கக் கூடாது. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. விட்ட நோன்பைப் பின்னர் நோற்கலாம், போன உயிர் திரும்பாது.

எங்கள் பகுதியில் வெயிலும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து வியர்வை வற்றுவதே இல்லை. ஆகவே அபாயாவுக்குள் தளர்வான பருத்தி ஆடை, மிதமான நீரில் குளியல், அரிக்கும் இடத்தில் ஈரத்துணி ஒற்றுதல், காலமைன் பூச்சு என்பன உதவுகின்றன. சொறியும்தோறும் தடிப்பு பெருகும். ஆதலால் நகங்களை ஒட்ட வெட்டி வையுங்கள். வேப்பிலைக் குளியலால் தீங்கில்லை என்றால் செய்துகொள்ளலாம். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடவும் வேண்டாம்.

ஒட்டுமா?

காணாக்கடி ஒட்டாது. ஒரே தட்டில் உண்ணலாம், ஒரே பாயில் உறங்கலாம், ஆடையை மாற்றி உடுத்தலாம். அப்படியானால் ஒட்டுவது எது? விரலிடுக்கிலும் இடுப்பிலும் சிறு கொப்புளங்களாகத் தோன்றி, இரவில் அரித்து, வீட்டில் ஒருவர்பின் ஒருவராகப் பரவுவது சிரங்கு. அதற்கு அனைவரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். அரிக்காமல், நாள்கணக்கில் மாறாமல், தொட்டால் உணர்ச்சியற்று இருக்கும் வெளிர்நிறப் படை என்றால் தொழுநோயா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கும் இப்போது முழுக் குணம் உண்டு. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1955 முதல் இதற்கென்றே மத்திய அரசு நிறுவனம் ஒன்று இயங்குகிறது.

நம் வீட்டுத் திருமணங்களில் காணப்படும் மற்றொன்று 'கறுப்பு மருதாணி'. அரைத்த மருதாணி இலை செம்மையாகவே சிவக்கும். அதற்கு நேரமும் ஆகும். சில நிமிடங்களில் கன்னங்கறுப்பாகப் பிடிக்கும் கோன்களில் தலைச்சாயத்தில் சேர்க்கும் வேதிப்பொருள் கலந்திருக்கக்கூடும். இரண்டு மூன்று நாள் கழித்துக் கோலத்தின் வடிவிலேயே கொப்புளம் எழும். ஒருமுறை அப்படி ஆனவருக்குத் தலைச்சாயமும் வாழ்நாள் முழுதும் ஆகாமற் போகலாம். மணப்பெண்ணின் கையில் சோதித்துப் பார்க்க இது பொருளன்று. அம்மியில் அரைத்த இலையே போதும்.

வீடு தேறிய கதை

மருந்தை ஒழுங்காக உண்ணத் தொடங்கிய மூன்றாம் வாரத்தில் என் மகள் ஓர் இரவு முழுதும் உறங்கினாள். ஒரு சிறு குறிப்பேட்டில் நாள்தோறும் தடிப்பின் அளவையும் அரிப்பின் கடுமையையும் அவளே எழுதி வந்தாள். தேர்வு நெருங்கிய நாள்களில் கூடுவதும், உறக்கம் கெட்டால் கூடுவதும், மாதவிலக்கின்போது சற்றுக் கூடுவதும் அதில் தெரிந்தன. உணவுடன் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. ஓராண்டு கழித்து மருத்துவர் மாத்திரையைக் குறைத்தார். அதற்குப் பின் சில மாதங்களில் நிறுத்தினார். பலருக்கும் இந்நோய் ஓரிரு ஆண்டுகளில் தானே விடைபெற்றுவிடுகிறது; சிலருக்கு ஐந்தாண்டுகளுக்கு மேலும் நீடிக்கிறது. அது நம் கையில் இல்லை. ஆனால் அந்தக் காலத்தை அச்சத்திலும் பட்டினியிலும் கழிப்பதா, மருந்துடன் இயல்பாக வாழ்ந்து கழிப்பதா என்பது நம் கையில்தான் இருக்கிறது.

பெண் பார்க்க வருபவர்களிடம் இதைச் சொல்லலாமா என்று சகோதரிகள் சிலர் என்னைக் கேட்கிறார்கள். சொல்லுங்கள். "அவ்வப்போது தடிப்பு வரும், ஒட்டாது, மாத்திரையில் அடங்கும், பிள்ளைப்பேற்றுக்குத் தடையில்லை" என்று நான்கு வரியில் சொல்லிவிடக்கூடிய செய்தி இது. மறைப்பதால்தான் சிறு நோய் பெரிய பழியாகிறது.

மாமியைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் அது நன்றியாகாது. பேத்தியின் மீதுள்ள பாசத்தால்தான் அவர் ஒவ்வோர் உணவாக நிறுத்தினார். மருத்துவர் சொன்னதைக் கேட்டபின் ஒரு நாள் பேசாமலிருந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை. தம் கையாலேயே கத்தரிக்காயும் கருவாடும் போட்டுக் குழம்பு வைத்தார். முதற் கரண்டியைப் பேத்தியின் தட்டில் ஊற்றிவிட்டு, "சாப்பிடும்மா. உன்னைச் சந்தேகப்பட்டது என் தப்பு" என்றார்.

"நன்னி, உப்புக் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றாள் அவள். ஐந்து மாதங்களுக்குப் பின் அன்றுதான் எங்கள் வீட்டில் எல்லாரும் ஒன்றாக அமர்ந்து சிரித்தபடி உண்டோம். அல்ஹம்துலில்லாஹ்.

காணாத பூச்சியைத் தேடி, கண்ணெதிரே இருக்கும் பிள்ளையைப் பட்டினி போட்டுவிடாதீர்கள்.